தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சேட்டை செய்யும் குழந்தையிடம் “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லிச் சிரிப்பது தமிழ் வீடுகளின் பழைய கேலி. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த குடும்பங்களில், பின்னர் பிறந்த குழந்தையைப் பிறரிடம் கொடுத்து, தவிட்டை விலையாகத் தந்து மீட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிச்சை, குப்பன் என்னும் பெயர்களும் அதே அச்சத்தில் பிறந்தவையே. வழக்கம் மறைந்தது, கேலி மட்டும் தங்கிவிட்டது. பெற்றவரிடம் வளரும் பிள்ளைக்கு அது ஐந்து நிமிட அழுகை. தத்தெடுக்கப்பட்ட பிள்ளையோ அந்தச் சிரிப்பில் ஒரு தகவலைத் தேடத் தொடங்குகிறது.

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களில் வீட்டுக்கு வீடு சுவர் பொது. ஒரு குழந்தை எங்கிருந்து வந்தது என்பது அங்கே எவருக்கும் ரகசியமன்று. அந்தக் குழந்தையிடம் மட்டும் அதை மறைப்பது என்பது, முதலில் சொல்லும் உரிமையைப் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு விட்டுக்கொடுப்பதாகும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) திரைப்படத்தில் சிறுமிக்கு உண்மை தெரிவது ஒன்பதாம் பிறந்தநாளில். திரைக்கதைக்கு அந்தத் தாமதம் தேவைப்பட்டது, வாழ்க்கைக்குத் தேவையில்லை. கதை கேட்கும் வயதிலேயே தொடங்குமாறு தத்தெடுப்பு ஆலோசகர்கள் கூறுவது சரியே.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தத்துப்பிள்ளையை எல்லா வகையிலும் அப்பெற்றோரின் பிள்ளையாகவே கொள்கின்றன. நாக்குதான் அவ்வளவு தூரம் வரவில்லை. “சொந்தப் பிள்ளை எத்தனை?” என்று விருந்தினர் கேட்கிறார். “உண்மையான அம்மா யாரோ” என்று மற்றொருவர் பெருமூச்சு விடுகிறார். இவற்றைவிடக் கொடியது பாராட்டு. “பெரிய புண்ணியம் செய்தீர்கள்” என்று குழந்தையின் எதிரில் சொல்லும்போது, மகள் என்ற இடத்திலிருந்து அவள் தருமக் கணக்கில் ஒரு வரவாக இறக்கப்படுகிறாள். புண்ணியத்துக்கு வளர்க்கப்பட்டவள் ஒருநாள் கோபித்துக்கொண்டால், நன்றி கெட்டவள் என்ற பட்டமும் ஆயத்தமாக நிற்கும்.

2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையைப் புதைத்த நிலச்சரிவுக்குப்பின், பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தங்களுக்குத் தருமாறு பலர் சமூக ஊடகங்களில் எழுதினர். தத்தெடுப்புக்குச் சட்டமுறை உண்டு என்று கேரள அரசு நினைவூட்ட நேர்ந்தது. எழுதியோரின் இரக்கம் பொய்யன்று. ஆனால் அப்பதிவுகளை அக்குழந்தைகளே சில ஆண்டுகளில் வாசிப்பார்கள் என்பது எவர் நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

‘தத்து’ என்ற சொல்லே சுமையுடையதுதான். வடமொழி ‘தத்த’ என்பதற்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள். சோதிடத் தமிழில் தத்து என்றால் கண்டம். வண்டலூரில் விலங்கையும் தத்தெடுக்கலாம். அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை; குழந்தை முன்பு அதைத் தாழ்ந்த குரலில் உச்சரிக்காமல் இருந்தால் போதும். ரகசியக் குரலே அதைக் குற்றமாக்குகிறது.

கல்விப்புலமும் இதற்கு விலக்கன்று. மரபியல் பாடத்தில் காதுமடலின் வடிவம் தாயுடையதா தந்தையுடையதா எனப் பட்டியலிடச் சொல்லும் பயிற்சிக்கு மாற்றாக, வகுப்பு முழுவதிலும் அப்பண்பு எத்தனை பேருக்கு உண்டு என்று எண்ணச் செய்யலாம். களஆய்வுக்குச் செல்லும் ஆய்வாளர்கள் தத்தெடுப்பு பற்றிய கேள்வியைக் குழந்தை பள்ளிக்குச் சென்றிருக்கும் நேரத்துக்கு ஒதுக்கலாம். பல கேள்வித்தாள்களில் ‘சொந்தக் குழந்தைகள்’, ‘மற்றவை’ என்று இரு கட்டங்கள் இன்றும் அச்சாகின்றன. அந்த ‘மற்றவை’ கட்டத்தை நிரப்பும் தாயின் மடியருகே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரு குழந்தை அமர்ந்திருக்கலாம்.