பச்சையைப் பார்த்துட்டுப் போங்க, வாங்கிட்டுப் போகாதீங்க

பெருந்துறையில விடியக்காலையில கிளம்பி, கோபி, சத்தி, பண்ணாரி தாண்டி, திம்பம் ஏறி ஆசனூர் வரைக்கும் போய்ட்டு இருட்டறதுக்குள்ள திரும்பலாம். வெளியூர்ல இருந்து வர்றவங்க ஒரு நாள் கார்ல சுத்த வழி கேட்டா நான் சொல்றது இதைத்தான். முக்காவாசிப் பேர் திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவுக்காகத்தான் போறாங்க. என்னைக் கேட்டா, மலைக்கு முன்னாடி வர்ற வயக்காட்டையும் நின்னு பார்க்கணும்.

"ஆகா, என்ன இயற்கைங்க!"ன்னு சொல்லுவாங்க. இயற்கை இல்லீங்க, பாசனம். பெருந்துறைப் பக்கம் பூமி மேட்டாங்காடு. கோபி போற வழியில கீழ்பவானி வாய்க்காலைத் தாண்டுவீங்க. 1955-ல பவானிசாகர் அணை கட்டி முடிச்சு, 200 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினதாலதான் இந்தப் பக்கம் நெல்லு விளையுது. பாசனம் 2.07 லட்சம் ஏக்கரா. அத்தனைக்கும் ஒரே நேரத்துல தண்ணி பத்தாது. அதனால முறை வெச்சிருக்குது. ஒரு பாதிக்கு ஆகஸ்ட் வாக்குல நெல்லுக்குத் தண்ணி, மறு பாதிக்கு ஜனவரி வாக்குல கடலை, எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்குத் தண்ணி. அடுத்த வருசம் முறை மாறும். போன வருசம் நீங்க போட்டோ எடுத்த வயல் இந்த வருசம் காஞ்சு கிடந்தா, யாரும் கைவிட்டுட்டாங்கன்னு நினைக்க வேண்டாம். முறை வரலைன்னு அர்த்தம்.

கோபிப் பக்கம் வேற கதை. கொடிவேரி அணையில இருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்ல தண்ணி வருது. அது பழைய பாசனம். சினிமாக்காரங்க கேமராவைத் தூக்கிட்டு அங்க போறதும் இந்தத் தண்ணியாலதான்.

சத்தி தாண்டினா காடு. மாயாறும் பவானியும் பவானிசாகர்ல வந்து சேருது. ஆக நீங்க வயல்ல இருந்து மலைக்கு, தண்ணி வந்த வழியை எதிர்த்து வண்டி ஓட்டறீங்க.

அந்தக் காட்டுக்குக் காவல் இருக்குது. 2013-ல புலிகள் காப்பகம் ஆச்சு. 2022 பிப்ரவரியில இருந்து, கோர்ட் உத்தரவுப்படி திம்பம் ரோட்டுல ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. ஆனா வயலுக்கு அப்படி ஒரு காவலும் இல்லை.

ரோட்டோரமா போர்டைப் பாருங்க. வயலுக்கு நடுவுல பசுமையான வீட்டு மனைன்னு போட்டிருக்கும். காருல வந்து இந்தப் பச்சையைப் பார்த்து ஆசைப்படறவங்களுக்கு வெச்ச போர்டு அது. நடுவுல ஒரு ரெண்டு ஏக்கரா சைட் ஆனா என்ன ஆகும்? அதுக்குள்ள போற கொப்பு வாய்க்கால் முதல்ல மேடாகும், அப்புறம் மூடிப்போகும். அதுக்குக் கீழ இருக்கற கடைமடைக்காரருக்குத் தண்ணி எட்டாது. ரெண்டு போகம் பார்த்துட்டு அவரும் விப்பாரு. எந்த வயலைப் பார்க்கறதுக்குன்னு ஜன்னல் வெச்சு வீடு கட்டுனாங்களோ, அந்த வயல் பத்து வருசத்துல இருக்காது.

விக்கறவரு மேல எனக்குக் கோவம் இல்லை. அவரு நம்மாளுதான். ஆள் கிடைக்கறதில்லை, விலை கட்டறதில்லை, பையன் சிப்காட்டுலயோ திருப்பூர்லயோ வேலைக்குப் போறான். இந்த நிலைமையில ஒருத்தர் கோடி ரூபாய் பேசுனா யாரு வேண்டாம்பாங்க? அதனாலதான் வாங்கறவங்ககிட்ட பேசறேன்.

தாராளமா வாங்க. கொடிவேரியில குளிங்க. கவுந்தப்பாடி வழியா வந்தா நாட்டுச்சர்க்கரை வாங்குங்க, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகுது. பச்சையில ஆசை இருந்தா இங்க விளையற அரிசியை வருசம் பூராவும் வாங்கிச் சாப்பிடுங்க. வயல் வயலா நிக்கறதுக்கு அது உதவும்.

அதையும் மீறி ஒரு சைட் பார்க்க வந்தா, புரோக்கர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. இந்த நிலத்துக்கு எந்த வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு? இதைத் தாண்டி யாரு காட்டுக்குப் போகுது? பதில் வரலைன்னா அட்வான்ஸ் குடுக்காம வண்டியை எடுங்க.