சமமாகக் கொடுக்கக் கூடாது!

காரைக்குடிப் பக்கம் ஆச்சி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: "பணியாரக் கல்லில் நடுக்குழி மட்டும் ஏன் ஆச்சி முதல்ல கருகுது?"

"அடுப்பு நடுவுல எரியுது, ஓரத்துல காத்தடிக்குது. இதுகூடவா தெரியாது?" என்பார். ஒரு தொழிற்சாலை ரகசியத்தை ஓசியில் சொல்லிவிட்டது அவருக்கே தெரியாது!

லட்டு உட்காரும் பிளாஸ்டிக் தட்டு, மாத்திரை அட்டை... எல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கிக் குழிய வைத்தவை. அதில் ஒரு முறை, வேக்குவம் ஃபார்மிங். ஷீட்டை நாலு பக்கமும் சட்டத்தில் இறுக்கி, ஹீட்டரில் காட்டி, இளகியதும் அச்சின் மேல் போர்த்தி, அடியிலுள்ள காற்றை உறிஞ்சினால் ஆச்சு. ஷீட்டை அச்சோடு அழுத்துவது யார்? வெளியே இருக்கும் காற்றேதான்! சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. ஓரடிச் சதுர ஷீட் என்றால் 900 கிலோவுக்கு மேல்!

வம்பெல்லாம் சூட்டில்தான். ஹீட்டர்களை ஒரே மாதிரி எரியவிட்டால், ஷீட்டின் நடுவுக்கு நாலா பக்கமிருந்தும் சூடு. ஓரத்துக்கு ஒரு பக்கம்தான். போதாக்குறைக்கு இரும்புச் சட்டம் வேறு சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். நடுவில் தொப்பை விழும். ஓரம் விறைத்து நிற்கும். ஆகவே ஓர ஹீட்டருக்குக் கூடுதல், நடு ஹீட்டருக்குக் குறைச்சல். சமமாகச் சூடேற வேண்டுமானால் சமமாகக் கொடுக்கக் கூடாது! (நாலு பிள்ளை பெற்ற அம்மாக்களுக்குச் சட்டென்று புரியும்.)

அவசரமும் ஆகாது. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்துவது, அலுமினியம் கடத்துவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். வேகமாகக் காய்ச்சினால் மேலே பொசுங்கும், உள்ளே வேகாது. தடித்த ஷீட்டுக்கு மேலும் கீழும் ஹீட்டர் வேண்டும். பக்கத்தில் ஃபேன் ஓடக் கூடாது, வேர்த்தால் வேர்க்கட்டும்!

அப்புறம் வோல்டேஜ். அது 10 சதவீதம் இறங்கினால், ஹீட்டரின் சக்தி 10 இல்லை சார், 19 சதவீதம் இறங்கும். காலையில் 40 வினாடி போதும் என்று டைமர் வைத்துவிட்டு, சாயந்திரம் லோ வோல்டேஜிலும் அதே 40 என்றால் ஷீட் ஒத்துழைக்குமா? கடிகாரத்தை மட்டும் நம்பாமல், ஷீட் தொய்வதையும் பார்க்கணும்.

'ஒரு மூலை மெலிஞ்சா என்ன குடியா முழுகிடும்?' என்கிறீர்களா? லட்டுத் தட்டு கிழிந்தால் லட்டு உருளும், துடைத்துத் தின்னலாம். மாத்திரைக் குழி மெலிந்தால் ஈரம் சுலபமாக நுழையும். ஈரம் பட்டால் வீரியம் போகிற மாத்திரைகள் உண்டு. வெளியே பார்த்தால் பளபளப்பு. விழுங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

வியாதி குணமாகவில்லை என்று கடைசியில் திட்டு வாங்குவதென்னவோ, டாக்டர்!