ஒளிப்படம் என்னும் சான்று

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஒளிப்படம் எடுப்போரும் அதைப் பார்த்து மகிழ்வோரும் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நலம்.

தென் இங்கிலாந்தின் சிற்றூர்களை நாட்காட்டிப் படங்களில் நாம் கண்டிருக்கிறோம். வைக்கோற்கூரை வேய்ந்த வீடு, கற்கோபுரம் உயர்ந்த தேவாலயம், கடலோரத்து வெண்சுண்ணப் பாறை, மேலே நீல வானம். அழகுக்குக் குறைவில்லை. ஆயின், அழகு மட்டுமே போதுமா என்பதே நம் வினா.

ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே இதற்கு விடை உண்டு. வில்ட்ஷயர் மாவட்டத்தில் லேகாக் என்பதோர் சிற்றூர். அங்கிருந்த பழைய கன்னியர் மடம் பின்னாளில் மாளிகையாயிற்று. அதில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்டில் தம் வீட்டுச் சாளரமொன்றைச் சிறு தாளில் பதித்தார். கருவிகொண்டு எடுத்து இன்றும் எஞ்சியுள்ள ‘நெகடிவ்’ படங்களுள் அதுவே மிகப் பழமையானது. எடுத்தவர் கண்ணுக்குத் தப்பியவற்றையும் படம் பிறகு காட்டித் தரும் என்பதை, 1844 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தம் நூலில் அவர் உணர்த்தினார். அம்மாளிகையும் ஊரும் 1944இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பிடம் ஒப்படைக்கப்பெற்று, இன்றும் அதன் காப்பில் உள்ளன.

எல்லா ஊர்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. டெவன் மாவட்டத்துக் கடலோரத்தில் ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவர் ஊர் இருந்தது. கடற்படைத் துறைமுக விரிவாக்கத்துக்காக 1897 முதல் அவ்வூரை அடுத்த கடலடியிலிருந்து கூழாங்கற்கள் பெருமளவில் வாரப்பட்டன. மக்கள் முறையிட்டனர், 1902இல் பணி நின்றது. அதற்குள், அலையைத் தடுத்து ஊரைக் காத்த கூழாங்கற்கரை தாழ்ந்துவிட்டது. 1917 ஜனவரியில் வீசிய புயலில் ஊர் அழிந்தது, உயிர்கள் தப்பின. முன்னர் எடுத்த படங்களில் வீடுகளின் எதிரே அகன்ற கரை தெரிகிறது. பின்னர் எடுத்தவற்றில் இடிந்த சுவர்களே தெரிகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘இஃது இயற்கையின் சீற்றம் மட்டுந்தானா?’ என்னும் கேள்வி தானே எழும்.

கிழக்கு சசெக்ஸின் பர்லிங் கேப்பில் இன்றும் கடல் பாறையைத் தின்று வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற கடலோரக் காவலர் வீடுகளின் வரிசை, விளிம்பு நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகக் குறைந்துள்ளது. அதற்கு அண்மையிலுள்ள பெல் டூட் என்னும் பழைய கலங்கரை விளக்கத்தை 1999இல் முழுமையாகப் பெயர்த்து, 17 மீட்டர் உட்புறம் நகர்த்தினர். இத்தகைய இடத்தில் ஒரே நிலையில் நின்று ஆண்டுதோறும் எடுக்கும் எளிய படம், அந்திச் செவ்வானத்தோடு எடுக்கும் நூறு படங்களினும் மதிப்புடையது.

மின்கம்பியோ மோட்டார் வண்டியோ குப்பைத் தொட்டியோ சட்டத்துள் வந்துவிட்டால் படம் கெட்டது என்று வருந்துவோர் பலர். இன்று கணிப்பொறியால் அவற்றை நீக்குவதும் எளிது. கலைஞனுக்கு அவ்வுரிமை இல்லையா எனின், உண்டு. ஆயின், அங்ஙனம் திருத்தியதைக் கலைப்படைப்பு என்க. ஊரின் பதிவு என்னற்க. மக்கள் வாழாத ஊராக ஓர் ஊரைக் காட்டுவது, அவ்வூரார்க்குச் செய்யும் அநீதியும் ஆகும். துணி உலரும் கொடியும், கடற்கரைப் படிக்கட்டின் உடைந்த படியும், ‘விளிம்பை அணுகாதீர்’ என்னும் எச்சரிக்கைப் பலகையும் வரலாறே.

ஆதலின், கருவி ஏந்தும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: அழகை எடுங்கள், அருகிலுள்ள உண்மையையும் விலக்காதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் இடம், நாள், நோக்கிய திசை ஆகியவற்றைத் தவறாமல் எழுதி வையுங்கள். ஒளிப்படம் ஒரு சுவரையும் தாங்கி நிறுத்தாது. ஓர் அலையையும் தடுக்காது. எனினும், இருந்ததை ‘இருந்தது’ என்று சொல்லும். காக்கத் தவறியோர் முன் மறுக்கவொண்ணாச் சான்றாக நிற்கும். அதற்கு அப்படம் முதலில் மெய்யாக இருத்தல் வேண்டும்.