ஏழு நாள் முகாமும் பன்னிரண்டு மாதப் பசியும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



"தொண்டு" என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒரு மேடை, ஒரு பேனர், ஒரு பொன்னாடை. இத்தனை பேருக்கு வேட்டி சேலை, இத்தனை பேருக்குத் தையல் மெஷின் "வழங்கினார்" என்று மறுநாள் பேப்பரில் போட்டோ. சரி, அதற்கு அடுத்த நாள் அந்த ஊரில் என்ன நடந்தது? அது எந்தப் பேப்பரிலும் வருவதில்லை.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. திருப்பூர் கொடுக்கிற ஊர். வெள்ளம் என்றாலும் புயல் என்றாலும் இங்கிருந்து பனியன் மூட்டை லாரியில் கிளம்பிவிடும். என் கேள்வி வேறு. ஒரு தொண்டு நிறுவனத்தை எதை வைத்து எடை போடுவது? எத்தனை பேருக்குக் கொடுத்தது என்றா? எவ்வளவு செலவு செய்தது என்றா? இரண்டும் இல்லை என்பது என் கருத்து. உதவி பெறுகிறவனுடைய வருடத்தில் எத்தனை மாதம் அது கூட இருந்தது? வருடக் கடைசியில் அவன் கையில் என்ன நின்றது? இந்த இரண்டும்தான் சரியான தராசு.

இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது நாகப்பட்டினம், திருவாரூர் பகுதியில் வேலை செய்த "லாப்டி" என்னும் உழுபவனின் நில உரிமை இயக்கம். ஏன் அவ்வளவு தூரம் போகிறான் என்று கேட்பீர்கள். தூரம் இல்லை நண்பர்களே! ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். அதில் மூன்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை. எங்களுடையதும் அதில் ஒன்று. நெல் விளைகிற ஊரிலிருந்து, நெல்லே விளையாத ஊருக்குச் சோறு தேடி வந்தவர்கள் நாங்கள். ஊரில் நிலம் இருந்தது. எங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

லாப்டியைத் தொடங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் 1926-ல் பட்டிவீரன்பட்டியில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாரின் கூலி உழைப்பில் வளர்ந்து, மதுரையில் படித்துப் பட்டம் பெற்றார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அவர் அக்கா முறை என்றே சொல்லலாம். ஜெகந்நாதன் வசதியான வீட்டுப் பிள்ளை. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர். சுதந்திர நாட்டில்தான் கல்யாணம் என்று காத்திருந்து 1950-ல் மணம் முடித்தார்கள். வினோபா பாவே 1951-ல் ஆரம்பித்த பூமிதான இயக்கத்தில் இருவரும் பாடுபட்டார்கள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலி நெல் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தி கேட்டு அங்கே போன எத்தனையோ பேர் கண்ணீர் விட்டுத் திரும்பினார்கள். இந்தத் தம்பதி அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டார்கள். என் வாதத்துக்கு இதுதான் முதல் சான்று. ஆறுதல் சொல்ல ஒரு நாள் போதும். ஆறு மரக்கால் நெல்லுக்கு அடுத்தவன் களத்தில் கை ஏந்தி நிற்கும் நிலைமையை மாற்ற ஒரு நாள் போதாது.

1981-ல் லாப்டி பிறந்தது. கிருஷ்ணம்மாளுக்கு அப்போது 55 வயது. நம் அப்பாக்கள் "இனி உடம்பு முடியாது" என்று சொல்லும் வயது! பூமிதானத்தில் தானமாக வந்த நிலங்களில் கணிசமானவை விளையாத தரிசாகவோ, வழக்கில் சிக்கியவையாகவோ இருந்தது நாடு முழுக்க இருந்த குறை. லாப்டி வேறு வழியை எடுத்தது. நிலச்சொந்தக்காரரிடம் உட்கார்ந்து நியாயமான விலை பேசுவது. கடன் ஏற்பாடு செய்து வாங்குவது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்து, வீட்டுப் பெண்ணின் பேரில் பத்திரம் பதிவது. சுமார் 13,000 குடும்பங்களுக்கு இப்படி நிலம் கிடைத்திருக்கிறது. 2008-ல் சுவீடன் நாட்டின் "ரைட் லைவ்லிஹூட்" விருது இந்தத் தம்பதிக்குக் கிடைத்தது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் 98-வது வயதில் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

விருதுக் கணக்கு இருக்கட்டும். தராசுக்கு வருவோம். காவிரிக் கடைமடையில் ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வருடம் எப்படி ஓடுகிறது என்று மாதம் மாதமாகப் பாருங்கள்.

தை, மாசி: சம்பா அறுவடை. கையில் கொஞ்சம் நெல், கொஞ்சம் காசு. இப்போது அதிலும் பெரும்பகுதியை அறுவடை மெஷின் பிடித்துக்கொண்டது. அடுத்து உளுந்து, பயறு பறிக்கும் வேலை. சொந்த ஏக்கர் இருந்தால் இந்த உளுந்து முழுக்க வீட்டுக்கு. இல்லாவிட்டால் பறித்த கூலியோடு சரி.

பங்குனி, சித்திரை, வைகாசி: வயல் வெடித்துக் கிடக்கும். வேலை என்று ஒன்றும் கிடையாது. கடன் ஏறும். திருப்பூருக்கு பஸ் ஏறுவதும் இந்தச் சமயத்தில்தான். இந்த மாதங்களுக்கு லாப்டி என்ன செய்தது? பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை, பிளம்பிங், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று பயிற்சிகள் நடத்தியது. வயல் வேலை இல்லாத நாளில் கைத்தொழில் சோறு போட வேண்டும் என்பது திட்டம். பட்டியலைத் திரும்பப் படியுங்கள் தோழர்களே! பாதிக்கு மேல் நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் கற்றுக்கொள்வதுதான்.

ஆனி, ஆடி: மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். திறந்தால் குறுவை. ஆனால் தண்ணீர் காலண்டர் பார்த்து வருவதில்லை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அணை திறப்பது தள்ளிப்போனால் விவசாயிக்கு மகசூல் தள்ளிப்போகிறது. கூலிக்காரனுக்கு அடுப்பே தள்ளிப்போகிறது.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. நடவு, களை என்று வேலை உண்டு. கூடவே வெள்ளமும் உண்டு, புயலும் உண்டு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தது அந்தப் பக்கம்தான். மண் சுவரும் கூரையும் எத்தனை புயலைத் தாங்கும்? அதனால் குடிசைகளை மாற்றிக் கல் வீடு கட்டும் வேலையையும் லாப்டி தன் தலையில் போட்டுக்கொண்டது.

மார்கழி: வெண்மணியின் மாதம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதும் இதே மாதம்தான்.

இதுதான் ஒரு வருடம். இதில் எந்த ஏழு நாளைப் பொறுக்கி எடுத்து "முகாம்" போட்டால் இந்தக் குடும்பம் கரை ஏறும்? சொல்லுங்கள்!

"நிலம் வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது" என்றும் அவர்கள் உட்காரவில்லை. 1990-களில் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. உப்புத் தண்ணீர் நிலத்தடியில் இறங்கி, பக்கத்து வயலும் குடிதண்ணீரும் கெட்டன. வயல் உப்பானால் பத்திரம் வெறும் காகிதம்தானே? 1994-ல், 80 வயதில், ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அப்புறப்படுத்தச் சொன்னது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குட்டையாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் பார்த்த ஊர் இது. அங்கே இறால், இங்கே சாயம். ஏற்றுமதிக் காசு ஒரு பக்கம் போகும்; உப்பு மட்டும் உழுகிறவன் பக்கம் வரும்.

சிலர் கேட்கலாம்: "ஓர் ஏக்கரில் என்னப்பா கிடைச்சிடும்? உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதுங்கறாங்களே!" நியாயமான கேள்வி. ஓர் ஏக்கர் யாரையும் பணக்காரனாக்காது. ஆனால் கூலி பேசும்போது, "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்லும் தைரியத்தைக் கொடுக்கும். வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் சாகுபடி செய்தவருக்குத்தான். கூலிக்கு நட்டவருக்கு அல்ல. கூட்டுறவு பேங்க்கில் பயிர்க்கடன் கேட்கவும் கையில் சாகுபடிக் காகிதம் வேண்டும். பத்திரம் பெண் பேரில் இருப்பதும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆண் பேரில் இருக்கும் நிலம் ஒரு கல்யாணக் கடனிலோ, சாராயக் கடையிலோ கரைந்துபோவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்றால், விற்பது அவ்வளவு லேசல்ல.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம். நடைமுறையில் எல்லோர் மனசிலும் நிற்பது அந்த ஏழு நாள்தான். கோயில் திடலைக் கூட்டினோம், மரக்கன்று நட்டோம், கலை நிகழ்ச்சி நடத்தினோம், பஸ் ஏறினோம். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றியது யார்? ஊர்க்காரர் ஊற்றியிருந்தால் கன்று இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

120 மணி நேரத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 10 மணி நேரம். நம் மாணவர் சங்கத்துக்கு என் யோசனை இதுதான்: மூலனூர், குண்டடம் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பியிருக்கும் ஒரே ஒரு கிராமத்தை எடுப்போம். முகாம் நடக்கட்டும், ஆனால் அது அறிமுகம் மட்டும்தான். அதன் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு, வருடம் முழுக்க. மெக்கானிக்கல் மாணவர் கைப்பம்பையும் மோட்டாரையும் பார்க்கட்டும். எலக்ட்ரிக்கல் மாணவர் பள்ளிக்கூடத்து ஒயரிங்கையும் எர்த்திங்கையும் பார்க்கட்டும். சிவில் மாணவர் வாய்க்கால் மட்டத்தை அளக்கட்டும். கம்ப்யூட்டர் மாணவர் பட்டா, ஸ்காலர்ஷிப், முதியோர் பென்ஷன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கட்டும். யாரோ புண்ணியவான் கொடுத்து, ரிப்பேராகி மூலையில் கிடக்கும் தையல் மெஷின்களை எடுத்து ஓட வைக்க, பனியன் கம்பெனி வாசத்தில் வளர்ந்த நமக்கா தெரியாது? அதைவிட முக்கியம், அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு ரிப்பேர் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். நாம் போன பிறகும் ஊரில் நிற்பது அதுதான்.

"ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் போனால்தான் பரீட்சை பீஸ் கட்ட முடியும்" என்று சொல்லும் தோழர்கள் நம்மில் நிறைய. உண்மை. அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முகாமுக்கு 50 பேர் போகிறோம் என்றால் நாலு குழுவாகப் பிரியலாம். ஒரு குழுவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வரும். ஒரு குழு போகாவிட்டாலும் இன்னொரு குழு போகும். கிராமத்துக்கு மட்டும் லீவு கிடையாது.

ஒரு லாப்டியை நம்மால் உருவாக்க முடியும் என்று நான் கனவு காணவில்லை. அது இரண்டு பேர் தங்கள் ஆயுளையே கொடுத்து வளர்த்தது. நம்மிடம் கேட்பது மாதம் 10 மணி நேரம். அதையும் போட்டோவுக்காகக் கொடுக்காமல், வேலை இல்லாத பங்குனியிலும் மழை பிய்க்கும் ஐப்பசியிலும் கொடுப்போம் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மலரில் முகாம் போட்டோக்கள் இரண்டு பக்கம் வந்திருக்கும். வரட்டும், சந்தோஷம். அடுத்த ஆண்டு மலரில் கூடவே இன்னொரு பக்கமும் வர வேண்டும். தை முதல் மார்கழி வரை எந்த மாதம் யார் போனார்கள், எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதைச் செய்ய முடியவில்லை என்ற கணக்கு. சங்கம் இதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.