ரெக் பூட் கிழிந்தால்

சகோதரிகளே, வாகனக் கோளாறெல்லாம் ஆண்கள் பாடு என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதில் போய் வருவது நீங்களும்தானே!

முன் சக்கரங்களுக்கு உட்புறமாக, ஸ்டியரிங் ரெக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். கராஜில் ரெக் பூட் என்பார்கள். அது கிழிந்தாலும் கார் வழக்கம்போல ஓடும். அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் மழைநீரும் நமது கரையோர ஊர்களின் மணலும் உள்ளே புகுந்து கிறீஸைக் கெடுத்துவிடும். மூட்டுத் தேய்ந்து ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்கும், தண்டும் துருப்பிடிக்கும். பிறகு ரெக்கையே மாற்றவேண்டி வரும். ஒரு ரப்பர் உறையின் விலை எங்கே, ரெக்கின் விலை எங்கே!

டேப் சுற்றுவது வீண் வேலை. சக்கரம் திரும்பும்போதெல்லாம் உறை நீண்டு சுருங்குகிறதே, எந்த ஒட்டுத் தாங்கும்? பழைய கிறீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசிய பின்பே புது உறையை மாட்டச் சொல்லுங்கள். பவர் ஸ்டியரிங் எண்ணெய் உறைக்குள் தேங்கியிருந்தால் ரெக்கின் சீலும் பழுது. உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. டை ரொட் முனையைக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, அதே அளவில் திரும்பப் பூட்டவேண்டும். அப்படிப் பூட்டினாலும், வீல் எலைன்மென்ட் பார்க்காமல் காரை எடுத்து வராதீர்கள். இல்லையேல் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.