தவணை மாற்றும் தந்திரம்!

பதவி ஓர் அமானிதம். அதன் தவணையைத் தீர்மானிக்க வேண்டியவர் அமானிதத்தை ஒப்படைத்தவரே தவிர, வாங்கிக்கொண்டவர் அல்லர்.

2025 அக்டோபரில் இமாச்சலப் பிரதேச காங்கிரஸ் அரசு, மேயர், துணை மேயர் பதவிக்காலத்தை இரண்டரை ஆண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்த முடிவெடுத்தது. சிம்லா மேயரின் தவணை முடியும் தறுவாயில் இந்த ஏற்பாடு! அடுத்த இரண்டரை ஆண்டு ஒரு பெண்ணுக்குரியது. அது பறிபோகிறது என்று சிம்லா மாமன்றத்தின் பா.ஜ.க. உறுப்பினர்கள் எதிர்த்தனர். அக்கட்சியோடு நமக்குள்ள கருத்து மோதல் ஊரறிந்தது. ஆனால் பகைவருக்கும் நீதி வழங்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. இந்த எதிர்ப்பு நியாயமானதே.

இமயமலை ஊரின் விவகாரம் திருப்பரங்குன்றத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அங்கே தவணையை நீட்டினார்கள். இங்கே தேர்தலையே நிறுத்தினார்கள். இரண்டிலும் பறிபோனது வாக்காளனின் உரிமைதான்.

2011ல் மதுரை மாநகராட்சியோடு திருப்பரங்குன்றம் இணைந்தது. மாநகரின் வார்டுகள் நூறாயின. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19ஆம் தேதி! ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. குடிநீருக்கும் சாக்கடைக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மக்கள் தவித்தனர்.

நகராட்சி மன்றங்களின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை. அது முடியும் முன்பே தேர்தல் முடிய வேண்டும் என்கிறது 1993ல் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம். கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நெருக்கடி நிலையின்போது, 1976ல் 42வது திருத்தத்தால் நாடாளுமன்றத்தின் ஆயுளையே ஆறாண்டாக்கினார்கள். 1977ல் மக்கள் தீர்ப்பளித்தார்கள்; 1978ல் 44வது திருத்தம் பழைய ஐந்தாண்டை மீட்டது.

நிலையான நிர்வாகத்துக்கு நீண்ட காலம் தேவை என்பது ஒரு வாதம். அப்படியானால் அடுத்த தேர்தலில் மக்களிடம் சொல்லி வாக்குக் கேட்கட்டும். அடுத்து வருபவருக்கு அது பொருந்தட்டும். நாற்காலியில் அமர்ந்த பிறகு ஆட்ட விதியை மாற்றுவது எந்த ஊர் நியாயம்? 2025ல் சொத்து வரி முறைகேடு வெடித்தபோது மதுரையின் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினர். அக்டோபரில் மேயரும் விலகினார். மாமன்றத்தைத் தட்டிக் கேட்கும் மக்களின் அதிகாரம் எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சிறுபான்மைச் சமுதாயத்துக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நமது குரல் சிறிது. ஆனால் ஒரு வார்டில் சில நூறு வாக்குகள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். கபரஸ்தான் சுவரும், பள்ளிவாசல் தெருவின் விளக்கும், மதரஸா வாசலின் குப்பையும் அங்கேதான் பேசப்படுகின்றன. அந்தத் தேர்தல் தள்ளிப்போனால் முதலில் ஊமையாவது நாம்தான்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் தவணை 2027 தொடக்கத்தோடு முடிகிறது. வார்டு மறுவரையறை என்றோ வேறு காரணம் சொல்லியோ மீண்டும் தனி அலுவலரை அமர்த்த இடம் தரக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் நமது கோரிக்கை ஒன்றே: குறித்த காலத்தில் தேர்தல்!

சமுதாயச் சொந்தங்களே! வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள். உரிமையைக் காக்கும் முதல் வேலை அதுதான்.