துணை விமானியின் குரலுக்கு மதிப்பு வேண்டும்

புது தில்லி: தரையிறங்க வரும் விமானம் உரிய உயரத்திலும் வேகத்திலும் இல்லாவிட்டாலோ, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழ வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தின் அடிப்படை விதி. விமானிகள் "கோ அரவுண்ட்" என்று குறிப்பிடும் இந்த விதி மீறப்பட்டதற்கு நாடு கொடுத்த விலை மிகப் பெரிது. 2010-இல் மங்களூரிலும் 2020-இல் கோழிக்கோட்டிலும் நிகழ்ந்த இரு விபத்துகளில் 179 பேர் உயிரிழந்தனர்.

மீண்டும் மேலெழுவதற்கான வழி விமானத்தின் பயண மேலாண்மைக் கணினியில் முன்கூட்டியே பதிவாகியுள்ளது. எந்த உயரம் வரை ஏறுவது, எங்கே திரும்புவது, எங்கே வட்டமிட்டுக் காத்திருப்பது என்பதை ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியாக அது திரையில் காட்டும். விசைக் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் என்ஜின்களின் விசை கூடும். ஆனால், அந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை. அது விமானியின் பொறுப்பு.

மேற்கண்ட இரு விபத்துகளிலும் தவறியது இந்த முடிவுதான். இரண்டுமே துபையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானங்கள். இரண்டுமே குன்றின் மேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்தன. மங்களூரில் துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் தலைமை விமானி இறங்குவதைத் தொடர்ந்தார். கோழிக்கோட்டில், மழையில் முதல் முயற்சியைக் கைவிட்டு முறைப்படி மேலெழுந்த அதே விமானம், இரண்டாவது முயற்சியில் ஓடுபாதையின் ஏறத்தாழ பாதியைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. அப்போதும் துணை விமானி மேலெழும்படி கூறியது பலனளிக்கவில்லை.

இவற்றைத் தனி மனிதர்களின் தவறு என்று கூறி முடித்துவிட இயலாது. கோழிக்கோட்டிலிருந்து மறுநாள் காலை புறப்பட வேண்டிய விமானத்தையும் அதே தலைமை விமானியே இயக்க வேண்டியிருந்தது. அங்கு போதிய தலைமை விமானிகள் இல்லாததற்கு நிறுவனத்தின் பணியாளர் கொள்கையே காரணம் என 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. நிலையற்ற நிலையில் இறங்கும் விமானங்களில் 97 சதவீதம் மேலெழாமல் தரையிறங்கிவிடுகின்றன என்று சர்வதேச விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை கூறியுள்ளது. ஆகவே, இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய குறைபாடும் அல்ல.

1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2024-இல் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. விவாதத்தில் அதன் இந்திப் பெயரை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எதிர்த்தனர். அந்த ஆட்சேபம் நியாயமானதே. அதே முனைப்பு பயணிகளின் பாதுகாப்பிலும் தேவை. விமானங்களைக் கண்காணிக்கும் தலைமை இயக்ககமும், விபத்துகளைப் புலனாய்வு செய்யும் அமைப்பும் ஒரே அமைச்சகத்தின்கீழ் இயங்குகின்றன. இந்த நிலையில், அமைச்சகத்திடம் கேள்வி கேட்கும் கடமை உறுப்பினர்களுக்கே உள்ளது.

துணை விமானி "மேலெழுவோம்" என்று சொன்னால், தலைமை விமானி விவாதமின்றி ஏற்கும் நடைமுறை எத்தனை நிறுவனங்களில் உறுதி செய்யப்பட்டுள்ளது? எரிபொருள் செலவும் தாமதமும் காரணமாக விமானிகளிடம் விளக்கம் கேட்கப்படுவதில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? மறுநாள் பணி அட்டவணை விமானியின் முடிவைப் பாதிக்காதிருக்கப் போதிய மாற்று விமானிகள் உள்ளனரா? அரசு அவையில் பதிலளிக்க வேண்டிய கேள்விகள் இவை.

ஒருமுறை வட்டமிட்டு வர ஆகும் செலவு சில நிமிடங்களும் சிறிது எரிபொருளும்தான். அதைச் செலவிடத் தயங்கும் சூழல் நீடிக்கும் வரை, எவ்வளவு நவீன கணினி இருந்தும் பயனில்லை.